நாற்பத்தோரு தாள்கள்

“யாருமே உண்மையைச் சொல்றதில்ல, சிஸ்டர்” என்றார் டாக்டர் சபாபதி.

குளோரி மருந்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சபாபதி கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தார். நாற்பத்தோரு நோயாளிகள், நாற்பத்தோரு தாள்கள். ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு கேள்விகள். முதல் கேள்வி வலியைப் பற்றியது. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து. இன்று உங்கள் வலி எவ்வளவு?

எல்லாரும் இரண்டு அல்லது மூன்று என்று சொல்லியிருந்தார்கள்.

“பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கேட்டா ரெண்டுங்கிறாங்க. இதை வச்சு நான் என்ன ஆராய்ச்சி பண்றது?”

சபாபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். இனிக் குணமாகாது என்று ஆனவர்களின் வலியையாவது நாம் குறைக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். மதுரையில் ஒரு மருத்துவமனை அதில் சேர்ந்துகொண்டது. சாத்தூருக்குப் பக்கத்தில் இருந்த இந்தச் சிறிய மையமும் சேர்ந்துகொண்டது.

இந்த மையத்துக்காரர்கள் நோயாளியை வரச் சொல்வதில்லை. வேனில் வீடு வீடாகப் போவார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவார்கள். மாத்திரை கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

பதினோரு வருடமாக அந்த வேனில் போய்வருகிற நர்ஸ், குளோரி. சபாபதியைவிடப் பதினாறு வயது சின்னவர். முதல் நாளே மையத்தின் பொறுப்பாளர் சபாபதியிடம் சொல்லியிருந்தார், எங்களிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்தால் அது குளோரியிடம்தான் இருக்கும் என்று. சபாபதி அதை உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் வேனில் சுற்றியபின் அப்படி நினைக்கவில்லை. இப்போது குளோரியின் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். வீட்டுக்குள் போகும்போது குளோரியின் பின்னால்தான் போகிறார்.

குளோரி பெட்டியை மூடினார்.

“நாளைக்குத் தாள் எடுத்துட்டு வராதீங்க, டாக்டர்.”

“பேனா?”

“அதுவும் வேண்டாம்.”

*

மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் முத்துப்பேச்சியின் வீட்டு முன்னால் நின்றது.

முத்துப்பேச்சிக்கு அறுபத்தோரு வயது. அரசுப் பள்ளியில் இருபத்தேழு வருடம் சத்துணவு சமைத்தவர். மார்பில் தொடங்கிய புற்றுநோய் தோள் எலும்புக்குப் போயிருந்தது. வலது கை வீங்கி, தலையணைமேல் கிடந்தது.

மகள் கனகமணி கட்டில் தலைமாட்டில் நின்றாள். தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீசில் வேலை. சிஸ்டர் வருகிற நாளில் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போவதற்குச் சொல்லி வைத்திருந்தாள்.

எப்படி இருக்கு என்று குளோரி கேட்டார். முத்துப்பேச்சி மகளைப் பார்த்தார். பிறகு, நல்லா இருக்கேன், வலியெல்லாம் கொஞ்சந்தான் என்றார்.

குளோரி எழுந்தார். மாத்திரைகளை எந்த நேரத்துக்கு எது என்று வேனில் வைத்துப் பிரித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிக் கனகமணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சபாபதி தனியாக உட்கார்ந்திருந்தார்.

கையில் எழுத ஒன்றுமில்லை. கேட்கவும் ஒன்றும் தோன்றவில்லை. இருபத்து நான்கு கேள்விகளும் அவருக்கு மனப்பாடம். அதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு நம்பர் கேக்கலையா, சார்?” என்றார் முத்துப்பேச்சி.

“இல்லம்மா.”

“போன வாட்டி ரெண்டுன்னு சொன்னேன்.”

“ஆமா.”

“அவ நின்னுக்கிட்டு இருந்தா. வேற என்ன சொல்லச் சொல்றீங்க? ஒம்பதுன்னு சொன்னா அன்னிக்கு வேலைக்குப் போவாளா? இங்கனயே உக்காந்து அழுதுக்கிட்டு இருப்பா.”



முத்துப்பேச்சி மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சோறு போடும்போது, போதுமா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் போதும் என்றுதான் சொல்லும். பசி அடங்காத பிள்ளையும் போதும் என்றுதான் சொல்லும். பக்கத்துப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறதே. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருசம் அவரும் அதை நம்பிக்கொண்டிருந்தாராம்.

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“கேக்கிறதை விட்டுட்டேன். கரண்டியில சோத்தை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போய் நிப்பேன். வேணுங்கிற பிள்ளைக்குத் தட்டு தானா முன்னால வரும்.”

சபாபதி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்போ உங்ககிட்ட நான் எப்படிக் கேட்டிருக்கணும்?”

முத்துப்பேச்சி யோசித்தார்.

“கடைசியா எப்பத் தலை சீவினேன்னு கேளுங்க.”

“எப்போ சீவினீங்க?”

“ஒம்பது நாளாச்சு. கையைத் தூக்க முடியல. அவ சீவி விடுறேங்கிறா. தலையைத் திருப்பினாலே தோள்ல கத்தி எறங்குற மாதிரி இருக்கு. வேண்டாம், எண்ணெய் வச்சிருக்கேன்னு சொல்லித் தட்டிக் கழிச்சுட்டேன்.”

சபாபதி அப்போதுதான் அந்தத் தலைமுடியைப் பார்த்தார். போன முறை இதே நாற்காலியில் இருந்து பதினைந்து நிமிடம் அவரைக் கேள்வி கேட்டிருந்தார். அன்றும் அது அப்படித்தான் சிக்குப் பிடித்துக் கிடந்திருக்க வேண்டும்.

வெளியே வந்து மையத்தின் மருத்துவருக்குப் போன் செய்தார். இருவரும் பேசி அன்றே வலி மருந்தான மார்ஃபினின் அளவைக் கூட்டினார்கள். தோளுக்கு ஓர் ஊசிக்கும் ஏற்பாடு செய்தார்கள். கனகமணியிடம் குளோரி எல்லாவற்றையும் சொன்னார். அவள் வேனில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

*

நான்காம் நாள் போனபோது முத்துப்பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பின்னல் போட்டிருந்தது.

“உங்க தாளைக் கொண்டாங்க பாப்போம்” என்றார்.

சபாபதி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். முத்துப்பேச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எட்டுக் கேள்விகளை வேண்டாம் என்றார். அவற்றில் ஒன்று, உங்கள் வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு மதிப்பிடுகிறீர்கள் என்பது. அதைக் கேட்டு அவர் சிரித்தார். சிரித்தால் வலிக்கும், இதையெல்லாம் வாசிக்காதீர்கள் என்றார்.

வேறு கேள்விகள் சொன்னார். இன்று உங்கள் கையால் சாப்பிட்டீர்களா? வந்தவர்களோடு பேச முடிந்ததா, அல்லது எப்போது போவார்கள் என்று இருந்ததா? வலியை யாரிடம் மறைக்கிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரி எழுதச் சொன்னார். வீட்டுக்காரர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

சபாபதி எழுதிக்கொண்டார். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் ஐந்து நோயாளிகளிடம் அந்தத் தாளைக் காட்டினார். அவர்களும் சில கேள்விகளை அடித்தார்கள், சிலவற்றைச் சேர்த்தார்கள்.

பிறகு மதுரைக் குழுவின் தலைவர் டாக்டர் நூர்ஜஹானுக்குப் போன் செய்து விவரம் சொன்னார். நூர்ஜஹான் பொறுமையாகக் கேட்டார். பழைய தாள் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தது, ஆராய்ச்சியின் நடுவில் அதை மாற்றினால் இரண்டு வருட உழைப்பும் வீண், அடுத்த ஆராய்ச்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. இன்னொருவர் இதே யோசனையோடு வந்திருந்தால் சபாபதியும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மாலையில் குளோரியிடம் வந்து சொன்னார்.

“அவங்க சொல்றதும் சரிதான் சிஸ்டர். இதைப் பழைய தாளோட முடிச்சிடறேன். புதுசை அடுத்த ஆராய்ச்சியில வச்சுக்கலாம்.”

குளோரி அந்த நாற்பத்தோரு தாள்களையும் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான்கு தாள்களை உருவி சபாபதியின் முன்னால் வைத்தார்.

சபாபதி பெயர்களைப் பார்த்தார். நான்கு பேரும் அந்த மாதத்தில் இறந்துபோனவர்கள். வலி இரண்டு. வலி இரண்டு. வலி மூன்று. வலி இரண்டு. எல்லாம் அவர் கையெழுத்து.

“இவங்ககிட்ட அடுத்த ஆராய்ச்சியில கேட்டுக்கலாமா, டாக்டர்?”

சபாபதி அந்த நான்கு தாள்களையும் கையில் எடுத்தார். திரும்ப வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து மீதி முப்பத்தேழு வீடுகளுக்கும் மறுபடி போனார். பழைய தாளையும் கேட்டார், புதிய தாளையும் கேட்டார். வீட்டுக்காரர்களைக் குளோரி வெளியே கூட்டிக்கொண்டு போனார். முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. இருபத்து மூன்று பேருக்கு மருந்தை மாற்றவேண்டியிருந்தது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதுரைக்கு அனுப்பினார். கூடவே, ஆராய்ச்சி கெட்டுப்போனால் பொறுப்பு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதினார்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் நூர்ஜஹானே கூப்பிட்டார்.

“எங்க பக்கமும் எல்லாரும் ரெண்டு, மூணுதான் சொல்லியிருக்காங்க, சபாபதி. நல்லா வேலை செய்யறோம்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். புதுத் தாளை அனுப்புங்க. அந்தம்மாகிட்ட என் நன்றியையும் சொல்லுங்க.”

*

நான்கு மாதம் கழித்து மதுரையில் ஒரு கூட்டம். மூன்று இடத்துக்காரர்களும் முதல் முடிவுகளைச் சொன்னார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்களின் பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் முத்துப்பேச்சி.

அவர் எந்தக் கல்லூரி என்று ஒருவர் எழுந்து கேட்டார். கல்லூரி இல்லை, அரசு நடுநிலைப் பள்ளி, சத்துணவுக் கூடம் என்றார் சபாபதி. கேட்டவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் சபாபதி சாத்தூருக்கு வந்தார். சென்னைக்குத் திரும்பவேண்டிய நாள். அறிக்கையின் ஒரு பிரதியை உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

குளோரி மையத்தின் வாசலில் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். சபாபதி அவர் முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னார். இருபது வருடம் நான் பாடம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்களே, அதைப்போல ஒரு பாடம் எனக்கு யாரும் நடத்தியதில்லை, எனக்கு நீங்கள்தான் குரு என்றார்.

குளோரி கையிலிருந்த பஞ்சுக் கட்டைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரிஞ்சுதான் கதவைச் சாத்தினேன்னு நெனச்சீங்களா?”

சபாபதிக்குப் புரியவில்லை.

“அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் முத்துப்பேச்சியம்மா வீட்டுக்குப் போயிருக்கேன், டாக்டர். அஞ்சு மாசமும் ரெண்டுன்னுதான் எழுதியிருக்கேன். ஒவ்வொரு வீடா போறவளுக்கு ஒவ்வொரு ரெண்டும் உண்மையாத்தான் தெரிஞ்சுது. நீங்க நாப்பத்தோரு ரெண்டையும் ஒண்ணா மேசையில போட்டீங்க. அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.”

“அப்போ கதவை ஏன் சாத்தினீங்க?”

“எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல. கனகமணியை வேன்ல உக்கார வச்சுட்டு, ஜன்னலுக்கு வெளிய நின்னு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

சபாபதி உறையைக் குளோரியிடம் நீட்டினார். குளோரி வாங்கவில்லை. முன்சீட்டில் இருந்த பையைப் பின்னால் தள்ளி இடம் பண்ணினார்.

“அவங்களுக்கு நன்றி சொல்லத்தான் நானும் கெளம்பிக்கிட்டு இருக்கேன். ஏறுங்க.”