சோறில்லாமல் மலையேறிய பல்லக்கு

முன்னொரு காலத்தில், அரசருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது என்று சொல்ல யாருக்கும் துணிவில்லாத ஒரு நாட்டில், கனகசூடாமணி என்ற மன்னர் இருந்தார். மற்றவர்கள் சொல்லாததை ஒருநாள் அவருடைய இடைக்கச்சையே சொல்லிவிட்டது. காலையில் அதைக் கட்ட முயன்றபோது கொக்கி தெறித்துப் போய்ச் சாளரத்தில் விழுந்தது.

அந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்த வைத்தியர் ஒருவரை அழைத்து நாடி பார்க்கச் சொன்னார் மன்னர். வைத்தியர் நாடியைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார்.

"சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அரசர்களுக்குக் குறைப்பது என்றால் என்னவென்று தெரியாது. மன்னர் சோற்றை அடியோடு நிறுத்தினார். கம்பு, கேழ்வரகு, கிழங்கு, வெல்லம் எல்லாவற்றுக்கும் அதே கதி. முட்டையும் மீனும் கீரையும் தயிருமாகச் சாப்பிட்டார். சில வாரங்களில் கச்சை கட்ட வந்தது. மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் தாம் தின்னாத சோற்றைப் பிறர் தின்பதைப் பார்க்கவும் தாங்கவில்லை. பந்தியில் சுடுசோற்றின் ஆவி மூக்கைத் தொட்டால் அன்றைக்கு அரசு காரியம் எதுவும் நடக்காது.

எனவே ஓர் ஆணை பிறந்தது. அரண்மனைக்குள் இனி யாரும் சோறு முதலான அந்த வகையறாக்களைத் தொடக் கூடாது.

எழுத்தர்களுக்கு அது பெரிய துன்பமாகத் தெரியவில்லை. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள். சிலருக்கு இடுப்பு மெலிந்து முகம்கூடத் தெளிந்தது. சிக்கிக்கொண்டவர்கள் பல்லக்குத் தூக்கிகள்தாம். மன்னரைச் சுமந்துகொண்டு ஓடுவது அவர்கள் தொழில். அரண்மனைக் கொட்டிலில்தான் குடியிருப்பு, அங்கேதான் சாப்பாடு.

ஒருநாள் கோட்டை மேட்டில் பல்லக்கு ஆடி அசைந்து நின்றுவிட்டது. மன்னர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். தூக்கிகள் நால்வரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

இதற்காகவே காத்திருந்தவர் தளவாய் இரத்தினகிரி. அந்த நான்கு வேலைகளும் தம் மைத்துனர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மன்னருக்குப் பக்கத்து இருக்கையில் அரசவை விகடகவி அம்பலவாணன் உட்கார்வது அவருடைய நெடுநாள் வயிற்றெரிச்சல்.

மறுநாள் சபையில் தளவாய் எழுந்தார். "மன்னர் பெருமானே, தாங்கள் உண்பதைத்தான் அவர்களும் உண்கிறார்கள். தாங்கள் சுறுசுறுப்பாக இருக்கிறீர்கள். அடியேனும் அப்படியே. அவர்களுக்கு மட்டும் கால் நகரவில்லை என்றால் அது சோம்பல். வேலையை விட்டு நீக்கிவிடலாம்."

தூக்கிகளின் தலைவன் செவத்தையன் சபையின் ஓரத்தில் கைகட்டி நின்றான். அம்பலவாணன் அவன் பக்கம் திரும்பினான்.

"என்னப்பா, சோம்பலா?"

"இல்லீங்க சாமி. சமதரையில நடக்கச் சொன்னா நாள் பூரா நடப்போம். மேட்டுல ஓடச் சொன்னாத்தான் தொடை ரெண்டும் கல்லாப் போவுது. முன்னெல்லாம் ஒரு சட்டி பழைய சோத்தைக் குடிச்சிட்டு இதே மேட்டைப் பாட்டுப் பாடிக்கிட்டே ஏறுவோம். இப்பப் பாட்டு வரல, மூச்சுதான் வருது."

"அரசே, இவர்கள் சோம்பேறிகள் அல்லர். அடுப்பில் விறகைக் குறைத்துவிட்டு உலை கொதிக்கவில்லையே என்று கோபிக்கிறோம்" என்றான் அம்பலவாணன்.

மன்னருக்கு அது பிடிக்கவில்லை. "என் உடம்பு பஞ்சு போல இருக்கிறது. அதே சாப்பாடுதான். உமக்கு அவர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் நிரூபித்துக் காட்டும். வெள்ளிக்கிழமை மலைக்கோயிலில் முதல் கதிர் சாத்தும் விழா. உச்சிகாலப் பூசை மணி அடிப்பதற்குள் என் பல்லக்கு மலையுச்சியில் இருக்க வேண்டும். அதுவரை தூக்கிகள் வாயில் ஒரு பருக்கைகூடப் படக் கூடாது."

"பல்லக்குப் போய்ச் சேராவிட்டால்?" தளவாய் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"நால்வருக்கும் வேலை இல்லை. அம்பலவாணருக்கும் இந்த இருக்கை இல்லை."

செவத்தையனின் முகம் வெளிறிவிட்டது. அம்பலவாணன் மட்டும், "அரசரின் ஆணையை ஊரறிய முரசறைந்து சொன்னால் நல்லது. ஒரு சொல்கூட மாறாமல் தளவாயே சொல்லட்டும்" என்றான்.

தளவாய் மகிழ்ச்சியோடு போய்த் தம் கண்ணெதிரே முரசறைய வைத்தார்.

முதல் கதிர் சாத்துவது அந்த நாட்டில் விளையாட்டுக் காரியம் அல்ல. வயலில் முதலில் முற்றிய நெற்கதிரை அரசர் தம் கையால் உச்சிகாலப் பூசைக்குள் சாத்த வேண்டும். அது நடக்காவிட்டால் அந்தப் போகத்தில் யாரும் அரிவாளை எடுக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, முழு அலங்காரத்தோடு கையில் நெற்கதிர் ஏந்தி மன்னர் மலையடிவாரத்துக்கு வந்தார். பின்னால் மொத்த சபையும் வந்தது. தயாராக நான்கு மைத்துனர்களும் வந்திருந்தார்கள். பல்லக்கைத்தான் காணவில்லை.

"பல்லக்கு எங்கே?"

அம்பலவாணன் மலையுச்சியைக் கைகாட்டினான். "மேலே இருக்கிறது, அரசே. விடிந்ததும் புறப்பட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். ஒரு பருக்கையும் வாயில் படவில்லை. ஆணை நிறைவேறிவிட்டது."

"நான் கீழே நிற்கிறேனே."

"ஆணையில் பல்லக்கு மட்டும்தான் இருந்தது. தாங்கள் அதற்குள் இருக்க வேண்டும் என்று தளவாய் முரசறையவில்லை."

"இது ஏய்ப்பு" என்று தளவாய் சீறினார்.

"இதில் ஏய்ப்பு எங்கே வந்தது? அரசரின் உடம்பு பஞ்சு போல இருக்கிறது. பஞ்சுக்குப் பல்லக்கு எதற்கு என்று நினைத்தேன்."

சபை முழுதும் மன்னரைப் பார்த்தது. தாம் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? மன்னர் நடந்தார்.

தோப்பு வழியாகப் போகும் பாதை சமதரை. மன்னர் கையை வீசிக்கொண்டு நடந்தார். "பார்த்தீரா? களைப்பே இல்லை" என்றார். படிக்கட்டு தொடங்கியதும் பேச்சு குறைந்தது. படி செங்குத்தானதும் பேச்சு நின்றது. வெயிலும் ஏறியது. பாதி மலையில் மன்னரின் முழங்கால்கள் அவரைக் கேட்காமலே மடங்க, தொப்பென்று படியில் உட்கார்ந்தார். அவர் எப்போது உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருந்த சபையும் உட்கார்ந்தது.

"அம்பலவாணரே, கால் வரமாட்டேன் என்கிறது."

"அரசே, எனக்கும் அதே கதைதான். நானும் அரண்மனைச் சாப்பாடுதானே."

ஒருவர் மட்டும் உட்காரவில்லை. தளவாய் இரத்தினகிரி மலையாடு போலப் பத்துப் படி மேலே துள்ளி ஏறி நின்றிருந்தார். "எழுந்திருங்கள் மன்னர் பெருமானே. அடியேனைப் பாருங்கள். அதே சாப்பாடு, துளிக் களைப்பில்லை."

அம்பலவாணன் வியந்துபோனவன் போல் முகத்தை வைத்துக்கொண்டான். "தளவாயின் தெம்பே தெம்பு. அரசர் அமர்ந்திருக்க அவர் மேலே நிற்பதுதான் முறையாக இல்லை. கீழே வந்து இப்படி அமருங்கள், தளவாய்."

தளவாய் இறங்கி வந்து உட்கார்ந்தார். அந்தப் படியின் விரிசலில் கட்டெறும்புகள் குடியிருந்தன. ஒன்று வெளியே வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு வரிசையாகக் கிளம்பின. மன்னரை விட்டன, அம்பலவாணனை விட்டன. நேராகத் தளவாயின் இடுப்பை நோக்கிப் படையெடுத்தன. தளவாய் நெளிந்தார். பிறகு எழுந்து குதித்தார்.

"இடுப்பில் என்ன?" என்றார் மன்னர்.

"தா... தாயத்து, மன்னர் பெருமானே. குலதெய்வக் கோயிலில் கட்டியது."

"இவ்வளவு பக்தியுள்ள எறும்புகளை நான் பார்த்ததில்லை" என்றான் அம்பலவாணன்.

மன்னர் கை நீட்டினார். தளவாய் வேறு வழியில்லாமல் கச்சையை அவிழ்க்க, உள்ளிருந்து ஒரு துணி முடிச்சு வந்தது. அவலும் வெல்லமும்.

மன்னர் முடிச்சைப் பார்த்தார். பிறகு உச்சியைப் பார்த்தார். எறும்பை ஊதித் தள்ளிவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"அரசே, ஆணை..." என்று இழுத்தான் அம்பலவாணன்.

"ஆணை அரண்மனைக்குள்தான். இது மலை" என்றார் மன்னர், வாய் நிறைய அவலோடு.

தண்ணீர் குடித்து, சற்று நேரம் சாய்ந்திருந்து, மறுபடி எழுந்தபோது கால்கள் சொன்னபடி கேட்டன. பூசாரி மணிக்கயிற்றில் கை வைத்த நேரத்தில் மன்னர் உள்ளே நுழைந்து கதிரைச் சாத்தினார்.

வெளியே வந்தபோது பல்லக்கின் நிழலில் செவத்தையனும் மற்ற மூவரும் எழுந்து நின்றார்கள்.

"வெறும் பல்லக்குதானே. சிரமமாக இருந்ததா?"

"வெறும் பல்லக்கே வழியெல்லாம் உக்கார வச்சிருச்சுங்க, மகாராசா."

"நான் என்னை மட்டும் தூக்கிக்கொண்டு வரும்போதே உட்கார்ந்துவிட்டேனப்பா" என்றார் மன்னர். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கச்சை குலுங்கச் சிரித்தார். சபையும் துணிந்து சிரித்தது.

அங்கேயே புதிய ஆணை பிறந்தது. உட்கார்ந்திருப்பவர்கள் விருப்பம்போல் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளட்டும். தாமும் அப்படியே செய்யப் போகிறார். சுமப்பவர்களும் ஓடுபவர்களும் வயிறாரச் சாப்பிடட்டும். நால்வருக்கும் வேலை உறுதி. அன்றைக்கு முழுநாளும் ஓய்வு. கோயில் மடைப்பள்ளியிலிருந்து பொங்கல் வந்தது. செவத்தையன் இலையை வழித்த வேகத்தைப் பார்த்துப் பரிசாரகர் கேட்காமலே இன்னொரு தரம் போட்டார்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். "இதோடு இன்னொரு பரிசும் உண்டு. இன்றைக்கு நீர் பல்லக்கில் அமர்ந்து மலை இறங்குவீர். தளவாய் தம் மைத்துனர்களைத் தயாராகக் கூட்டி வந்திருக்கிறாரே, இன்றைக்கு மட்டும் மூவருக்குப் பல்லக்கு வேலை கொடுத்தேன். நான்காவது இடம் தளவாய்க்கு. சபையில் அவருக்குத்தானே தெம்பு அதிகம்."

அப்படியே இறங்கினார்கள். செவத்தையனும் தோழர்களும் கைவீசி நடந்தார்கள். பழைய பாட்டு திரும்ப வந்திருந்தது. மன்னர் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

பல்லக்கின் திரையை விலக்கி, மடியில் இலையோடு அம்பலவாணன் தலையை நீட்டினான்.

"தளவாய், கொஞ்சம் மெதுவாக. பொங்கல் சிந்துகிறது."