பணியாரக் கடையில் சடையன்

பிள்ளைகளே, இரண்டு மலை தாண்டினால் ஒரு காடு வரும். அந்தக் காட்டில் கரடியாரின் தேன் பணியாரக் கடையைத் தெரியாத பிராணியே கிடையாது. முப்பாட்டன் காலத்திலிருந்து அதே குழிக்கல், அதே மலைத்தேன்.

அங்கே உட்கார மூன்றே பலகைகள். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறாரோ, அவருக்குத்தான் அடுத்து அந்தப் பலகை. ஒரு நாளைக்கு ஒரு பானை மாவு. அது தீர்ந்தால் கரடியார் பானையைக் கவிழ்த்துவிடுவார். பிறகு சிங்கமே வந்து கேட்டாலும் கிடையாது.

சடையன் என்ற குரங்கு, மனைவி செவந்தியோடும் மகள் மின்னியோடும் விடிந்ததும் கிளம்பி அங்கே வந்து சேர்ந்தான். மின்னி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். படுக்கையில் அவள் கேட்டது இந்தப் பணியாரம் ஒன்றைத்தான். சடையனும் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். தேன் காலமோ அன்றோடு முடிகிறது.

பலகைகளில் யானையும் முயலும் மானும் உட்கார்ந்திருந்தன. மூவரும் யானைக்குப் பின்னால் நின்றார்கள். யானையின் இலையில் முப்பது பணியாரம் குவிந்திருந்தது. சடையன் மாவுப் பானையை எட்டிப் பார்த்தான்.

"இது தின்னு முடிக்கிறதுக்குள்ள மாவு தீர்ந்துடும். முயல் இலையில பாரு, ரெண்டே ரெண்டு. வாங்க!"

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்களேன்," என்றாள் செவந்தி.

காதில் போட்டுக்கொண்டால்தானே! மின்னியை இழுத்துக்கொண்டு முயலுக்குப் பின்னால் ஓடினான். காலியான இடத்தில் ஓர் ஆமை தன் குட்டியோடு வந்து நின்றது.

யானை முப்பதையும் தும்பிக்கையால் ஒரே வாராக வாரி வாயில் போட்டுக்கொண்டு எழுந்தது. ஆமை உட்கார்ந்தது. சடையனுக்குப் பகீரென்றது.

முயலோ ஒரு கடி கடித்தது, மீசையைத் துடைத்தது. இன்னொரு கடி, மறுபடி மீசை. சடையன் கால் மாற்றி நின்றான். வாலைச் சுருட்டினான், நீட்டினான். பானைக்குள் அகப்பை அடியில் உரசும் சத்தம் கேட்டது.

"மான் கடைசி வாய்க்கு வந்திருச்சு. இந்தப் பக்கம் வாங்க!"

"அப்பா, கால் வலிக்குது," என்றாள் மின்னி.

"ஒரே நிமிஷம்டா கண்ணு."

அவர்கள் நகர்ந்ததுதான் தாமதம், எங்கோ ஒரு சருகு சலசலத்தது. முயல் இலையை அப்படியே போட்டுவிட்டுத் தாவி ஓடியது. அவர்கள் விட்ட இடத்தில் வந்து நின்ற ஓர் அணில் அந்தப் பலகையில் ஏறிக்கொண்டது.

மான் கடைசி வாயை விழுங்கியது. 'அப்பாடா!' என்று சடையன் பலகையைத் தொட்டான். மான் எழுந்திருக்கவில்லை. விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, கண்ணை மூடி, நிதானமாக அசைபோட ஆரம்பித்தது.

கரடியார் கடைசி மாவை வழித்து ஊற்றிச் சுட்டு, ஆமையின் இலையில் வைத்தார். பானையைக் கவிழ்த்தார்.

"கரடியாரே, என் பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு!" சடையன் அழாத குறையாகக் கெஞ்சினான்.

"யானைக்குப் பின்னால முதல்ல நின்னது நீங்கதானேப்பா. ஏன் விட்டுட்டுப் போனீங்க?" கரடியாருக்கும் வருத்தம்தான்.

ஆமைக்கு மனசு கேட்கவில்லை. மின்னியைத் தன் குட்டி பக்கத்தில் உட்காரவைத்து, இலையில் பாதியைத் தள்ளியது. மின்னி தேன் ஒழுக ஒழுகத் தின்றாள். விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அடுத்த தடவை நான் ஆமை மாமாகூட வரட்டுமா?"



நீதி: வரிசை மாறிக்கொண்டே இருப்பவனுக்கு எந்த வரிசையிலும் முறை வராது.