நண்டுக் கொடியும் புலிப் போர்வையும்

கடமான் சடையன் காலையில் ஓடைக்கரை மைதானத்துக்கு வந்ததும் நான்கு கால்களும் மரத்துப்போய் நின்றுவிட்டது. கொடிக்கம்பத்தில் ஒரு புலி தொங்கிக்கொண்டிருந்தது!

பிளந்த வாய். மஞ்சள் கண்கள். சடையனுக்குத் தொண்டை வரைக்கும் அபாயக் குரல் வந்துவிட்டது.

"அண்ணே! கத்திடாதீங்க! அது போர்வை!" என்று சிரித்தபடி புதரிலிருந்து ஓடிவந்தது நரி சிங்காரம்.

சடையன் குரலை விழுங்கியது. ஆனால் அது உள்ளே இறங்கவில்லை. நெஞ்சிலேயே சிக்கிக்கொண்டது.

அந்தக் காட்டில் கடமான் கத்தினால் யாரும் ஏன், எங்கே என்று நின்று கேட்பதில்லை. முயல் பாதி மென்ற புல்லைத் துப்பிவிட்டு ஓடும். பன்றி குட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடும். அத்தனை நம்பிக்கை! அதனால்தான் நண்டோடைக் கால்பந்து அணியின் நண்டுப் படம் போட்ட கொடியைச் சடையனிடம் கொடுத்திருந்தார்கள். ஆட்டத்தன்று கொம்புகளுக்கு நடுவே கொடியைக் கட்டிக்கொண்டு அது மைதானத்தை ஒட்டிய மடுவின் கரையில் நிற்கும். ஆடுகிறவர்கள் தடுமாறும்போது திரும்பிப் பார்த்தால், சடையனின் தலைக்கு மேலே நண்டு தெரியும்.

"நம்ம நண்டு எங்கே?" என்று கேட்டது சடையன்.

நரி மூக்கால் காட்டியது. பழைய கொடி சேற்றில் கிடந்தது, கால்மிதியைப் போல. அதன் ஓரத்தில் நண்டு தன் வளை வாசலில் உட்கார்ந்திருந்தது.

"ஊருக்குப் போயிருந்தேன் அண்ணே. அங்கே எல்லா கிளப்பும் லோகோவை மாத்திட்டாங்க. நாம இன்னும் நண்டைக் கட்டிக்கிட்டு அழறோம். இதைப் பாருங்க, கம்பளிப் போர்வை! ஒரு வீட்டு மாடியில காய்ஞ்சது. எவ்வளவு கம்பீரம்!"

நரிக்கு நண்டு என்றால் எப்போதும் சாப்பாட்டு நினைப்புதான். அதை மதிப்பது எப்படி என்று அதற்குத் தெரியாது.

செய்தி பரவியது. வெயில் ஏறுவதற்குள் ரசிகர்கள் எல்லாரும் மைதானத்தில் கூடிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அலறினார்கள். பிறகு அது போர்வை என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தான்யா இருக்கு!" என்றது கோல் காக்கும் காட்டுப்பன்றி மூக்கையன். "நண்டைப் பார்த்தா எதிரணிக்குப் பயமா வரும்? பசிதான் வரும்!"

"போன தடவை அந்தக் குரங்குங்க என்ன கத்துனானுங்க, ஞாபகம் இருக்கா?" என்றது முன்வரிசை ஆட்டக்காரனான முயல் வெள்ளைச்சாமி. "நான் பந்தைத் தொட்டா 'நண்டு ரசம்! நண்டு ரசம்!'னு ஒரே சத்தம். காது கூசிப்போச்சு."

"காது நீளம் உனக்கு. கூசத்தான் செய்யும்" என்றது முள்ளம்பன்றி. "நண்டு நம்ம பேர்ல இருக்குய்யா. நண்டோடையில புலிக்கு என்ன வேலை?"

"ஓடைப் பேரையும் மாத்திடலாம்!" என்றது நரி.

கூட்டம் அதிர்ந்துபோனது.

சடையனின் துணை காத்தாயி முன்னால் வந்தது. "என் கொழுந்தனை இந்தக் கரையிலதான் புலி தூக்கிட்டுப் போச்சு. வருஷம் ஒண்ணு ஆகலை. அந்த மூஞ்சியை என் புருஷன் தலையில கட்டப்போறீங்களா? என் கன்னுங்க இதுக்குக் கீழே வந்து நிக்குமா?"

"பயப்படுறவங்க வீட்டோட இருங்க அண்ணி" என்றது நரி. "தோத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

அது உண்மை. கோடைக்கு முன்னால் மேட்டுக்காட்டுக் குரங்குகளோடு ஓர் ஆட்டம் நடக்கும். வெல்கிற அணிக்குக் கோடை முழுவதும் மடுவில் முதல் தண்ணீர். தோற்ற அணிக்கு அவர்கள் கலக்கிவிட்டுப் போன சேறு. போன கோடையில் அந்தச் சேற்றைக் குடித்துச் சடையனின் கன்றுகள் வயிற்றுநோயில் துவண்டு கிடந்தன.

"கொடி பிடிக்கிறவர் அண்ணன்தான். அவரே சொல்லட்டும்" என்றது மூக்கையன்.

எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள்.

சடையன் தன்னையே கேட்டுக்கொண்டது. எனக்கு இது ஏன் பிடிக்கவில்லை? தம்பியை நினைத்தா? பயமா? இல்லை, எதையும் மாற்றத் தெரியாத பிடிவாதமா? வயதாகிவிட்டதா எனக்கு? காலையில் ஒரு போர்வையைப் பார்த்துக் கத்தப் போனேனே! அந்த வெட்கம் இன்னும் காதோரம் சுட்டது. பயம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

"சரி, கட்டுங்க" என்றது சடையன்.

காத்தாயி திரும்பிப் பார்க்காமல் நடந்தது. நண்டு வளைக்குள் இறங்கிவிட்டது.

ஆட்டத்தன்று பிற்பகல். வெள்ளத்தில் ஊரிலிருந்து அடித்து வந்த பந்தை நடுவில் வைத்து, நடுவரான நாரை கூவியது. ஆட்டம் தொடங்கியது.

முதலில் எல்லாம் நரி சொன்னபடியே நடந்தது. சடையனின் கொம்பில் கட்டிய போர்வையைக் கண்டதும் குரங்குகள் மிரண்டன. ஒன்று பந்தை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் வெள்ளைச்சாமி கோல் போட்டது!

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று நரி குதித்தது.

குரங்குகள் சுதாரித்துக்கொண்டு ஒரு கோல் போட்டன. இப்போது சமம். வெயில் சாய்ந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வெள்ளைச்சாமியிடம் பந்து வந்தது. எதிரே கோல் காக்கும் குரங்கு வழுக்கி விழுந்துகிடந்தது. ஒரே உதை போதும்!

சடையனுக்குத் தொண்டை வறண்டது. பார்க்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிப்போம் என்று மடுவை நோக்கித் தலையைக் குனிந்தது.

தண்ணீருக்குள் ஒரு கடமான். அதன் பிடரியில் புலி!

காற்று வீசியது. தண்ணீரில் புலி பாய்ந்தது.

அது தன் முகம் என்று சடையனுக்குத் தோன்றவில்லை. தம்பியின் முகம் என்றுதான் தோன்றியது. சிக்கிக் கிடந்த குரல் நெஞ்சைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

"பாங்ங்! பாங்ங்!"

அவ்வளவுதான். வெள்ளைச்சாமி பந்தை விட்டுவிட்டுப் பறந்தது. மூக்கையன் கோல் கம்பத்தை முட்டிச் சாய்த்துக்கொண்டு ஓடியது. ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்து ஓடினார்கள். சடையன் எல்லாரையும் விட வேகமாக ஓடியது. புலியும் கூடவே வந்தது, தலைக்கு மேலேயே!

குரங்குகள் மரத்தில் தாவி ஏறின. உச்சியிலிருந்து நாலாபுறமும் பார்த்தன.

"டேய்! புலி எங்கேடா?"

"அந்தக் கடமான் தலையில இருக்கே, அதுதான்!"

"அவன் கொடியைப் பார்த்து அவனே கத்தினானா?"

சிரிப்பில் ஒரு குரங்கு கிளையிலிருந்து நழுவியது. பிறகு அவை நிதானமாக இறங்கின. ஆளில்லாத மைதானத்தில் பந்தை உருட்டிக்கொண்டு போய் கோலில் தள்ளின. "கோல்!" என்றது நாரை. "ஆட்டத்தை நான் நிறுத்தவில்லையே."

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர்கள் கோலுக்குள் கிடந்த பந்தைப் பார்த்தார்கள். கொம்பில் கிழிந்து தொங்கிய போர்வையோடு சடையன் கடைசியாக வந்தது.

"படம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்லை!" என்று கத்தியது நரி. மூக்கையன் ஓரடி முன்னால் வைத்தது. நரி போர்வையைப் பிடுங்கிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

வெள்ளைச்சாமி மெல்ல வந்து சடையனின் முன்னால் நின்றது. அது கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இனிமே நீங்க கத்தினா, நான் ஓடணுமா, வேண்டாமா?"

சடையனுக்குப் புலியைக் கண்டதைவிட இதுதான் பேரதிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் போனால் ஒரு கோடையோடு போகும். இது போனால்? அந்த முயல் ஒரு நொடி யோசித்து நின்றால்? அந்த ஒரு நொடி புலிக்குப் போதுமே!

"ஓடு" என்றது சடையன். "இனிமே என் தலையில புலி இருக்காது. நான் கத்தினா, அது வெளியிலதான் இருக்கும்."

முயல் தலையாட்டியது. நம்பியதா என்று தெரியவில்லை.

சடையன் வளை வாசலுக்குப் போய்ச் சேற்றில் கிடந்த கொடியை வாயால் கவ்வியது. ஒரு முனை வரவில்லை. அதைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டிருந்தது நண்டு.

"அலசிட்டுக் கட்டு" என்றது நண்டு. "என் கண்ணு ரெண்டும் சேறா இருக்கு."

கோடை வந்தது. குரங்குகள் குடித்துவிட்டுப் போகும் வரைக்கும் நண்டோடைக்காரர்கள் தள்ளி நின்று காத்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது. கொம்பில் கட்டிய நண்டுக் கொடிக்குக் கீழே கொஞ்சம் நிழல் விழுந்தது. முதலில் ஒரு கன்று வந்து அதில் படுத்தது. பிறகு பன்றிக் குட்டிகள் வந்தன. நெடுநேரம் கழித்து, காதுகளை விறைத்தபடி, வெள்ளைச்சாமியும் வந்து ஓரமாக உட்கார்ந்தது. சடையன் கழுத்து வலித்தும் தலையை அசைக்கவில்லை.

எதிரியை மிரட்டுவதற்காக நாம் மாட்டிக்கொள்ளும் முகம், முதலில் நம்மை நம்பி நிற்பவர்களைத்தான் விரட்டும்.