செல்வக்கனிக்கு வந்த சந்தேகம்

பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸ். வெளியூர் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைக் காவல் காப்பதுதான் அங்கே வேலை. நிலோபர் குரு, பால்துரை சீடர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். அதில் இருவருக்கும் வருத்தம் கிடையாது.

ஒரு மத்தியானம் பால்துரையின் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. மலையடிவார ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கிக் கம்ப்யூட்டர். எந்தப் பையில் எந்த குரூப் ரத்தம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் ஓர் உயிர் போய்விடும்.

பால்துரை எட்டிப் பார்த்தார். "நம்ம ஆளுதான்" என்று எச்சரிக்கையைத் தள்ளிவிடப் போனார்.

"யாரு அண்ணாச்சி நம்ம ஆளு?"

"ரிமோட் சர்வீஸ் மேடம். இங்கே இருந்துக்கிட்டே அந்தக் கம்ப்யூட்டர்ல வேலை பார்க்க நாமளே போட்டு வச்சது. அதுதான் ஏதோ ஒரு புரோகிராமை ஓட்டுது. வந்திருக்கிறது நம்ம இன்ஜினியர் இசக்கியப்பன் பேர்ல. பாஸ்வேர்டும் சரியா இருக்கு. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?"

நிலோபர் கையை நீட்டினாள். "உங்க போனைக் குடுங்க."

கொடுத்தார். அவர் மனைவி செல்வக்கனிக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுக் காட்டினாள்: 'சாப்பிட்டியா?'

"நல்ல கேள்விதானே" என்றார் பால்துரை. சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. நிலோபர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாருங்க பேசுதீக? இந்தப் போனு உங்க கையில எப்படி வந்துச்சு? அவுகளுக்கு என்ன ஆச்சு?" செல்வக்கனி அழுதேவிட்டாள்.

"கனி, நான்தான். எனக்கு ஒண்ணுமில்ல."

"நீங்கதானா? பின்னே ஏன் சாப்பிட்டியான்னு கேட்டீக? கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீகளா? என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சு!"

அவளைச் சமாதானப்படுத்தி வைப்பதற்குள் பால்துரைக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"உங்க நம்பர், உங்க பேர். கேட்ட கேள்வியும் நல்லதுதான்" என்றாள் நிலோபர். "அவங்களுக்கு எப்படி அண்ணாச்சி சந்தேகம் வந்துச்சு?"

பால்துரை திரைப் பக்கம் திரும்பினார். அந்த சர்வீஸ் அந்தக் கம்ப்யூட்டரில் வழக்கமாக என்ன செய்யும் என்று பின்னோக்கிப் பார்த்தார். அப்டேட் போடும், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும், போய்விடும். இன்றைக்கோ கட்டளைகளை அடித்து ஓட்டும் கமாண்ட் விண்டோ ஒன்றைத் திறந்து, அங்கே வேலை பார்ப்பவர்களின் பாஸ்வேர்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது.

உடனே இசக்கியப்பனுக்குப் போன் போட்டார்.

"நானா? மச்சினன் மகளுக்குக் காதுகுத்து அண்ணாச்சி. பந்தியில சாம்பார் வாளியோட நிக்கேன். லேப்டாப்பைத் தொடக்கூட இல்லையே!"

பால்துரை அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தார். ரத்த வங்கியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பையையும் லேபிளோடு சரிபார்க்காமல் யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். சாயங்காலம் பதில் வந்தது. எதுவும் மாறவில்லையாம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

ஆனாலும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மேடம், நாளைக்கு நிஜமாவே நானே அவகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டா?"

"பயந்துருவாங்க."

"மறுநாளும் கேட்டா?"

"போன் பண்ணி, நீங்கதானான்னு கேப்பாங்க. ஆமா, நான்தான்னு சொல்லுங்க."

"விடாமக் கேட்டுக்கிட்டே இருந்தா?"

நிலோபர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம் நீங்க கேக்காத அன்னைக்குத்தான் அண்ணாச்சி அவங்க பயப்படுவாங்க."