எருமை சிரிக்க ஒரு நாள் ஆகும்

எருமை மேயும் இடத்தில் அதன் முதுகின் மேல் ஒரு கறுப்புக் குருவி, வால் இரண்டாகப் பிரிந்தது, சவாரி போவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அத்தனை பெரிய வயலில் உட்கார வேறு இடமா இல்லை, அது ஏன் அங்கேயே போய் உட்காருகிறது?

அந்தக் காலத்தில் விலங்கும் பறவையும் நம்மைப் போலவே பேசின. நம்மைப் போலவே நாடு நாடாகப் பிரிந்தும் இருந்தன. நாடு என்று ஒன்று வந்துவிட்டால் பக்கத்து நாட்டைப் பற்றி ஒரு பேச்சும் வந்துவிடும் இல்லையா? குரங்கு நாட்டுக்காரன் வேடிக்கையைச் சொல்வதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவான் என்றார்கள். ஆட்டு நாட்டில் காற்றடித்தாலும் சிரிப்பு என்றார்கள். கழுதை நாட்டில் ஒருத்தன் சிரித்தால் போதும், எதற்கென்று கேட்காமல் ஊரே சிரிக்குமாம். எல்லாரையும்விடச் சிரிப்புக்குப் பேர்போனது இரட்டைவால் குருவி நாடு. பருந்து மாதிரிக் கூவுவார்கள், பூனை மாதிரி அழுவார்கள், யார் குரலையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

சிரிப்பே தெரியாத நாடு எது என்று கேட்டால், கண் திறக்காத குட்டிகூட எருமை நாட்டைத்தான் காட்டும். என்ன சொன்னாலும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அசைபோடுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு கோடையில் சுற்றுவட்டாரத்துக் குளமெல்லாம் வற்றிப்போய், ஒரே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. எல்லா நாட்டாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். காத்தாயி என்ற எருமையும் தன் கன்றோடு வந்தாள். கருகருவென்று இருந்த அந்தக் கன்றுக்கு ஆசையாக வெள்ளையம்மா என்று பேர் வைத்திருந்தாள். வெயிலில் கன்றின் தோல் வெடித்திருந்தது. எருமை உடம்பு தண்ணீரில் கிடந்தால்தான் ஆறும். அன்று முழுக்கக் கன்றைக் குளத்தில் முக்கி வைத்த பிறகுதான் அது பால் குடிக்கவே வாயைத் திறந்தது.

ஆனால் மற்ற நாட்டாருக்கு எருமைகளைக் கண்டால் ஆகவில்லை. இப்படி முறைத்துக்கொண்டே நின்றால் தொண்டையில் தண்ணீர் இறங்குமா, சிரிக்காதவர்கள் மனசில் என்ன வைத்திருக்கிறார்களோ, இவர்களை விரட்டுங்கள் என்று குளத்து நாட்டாமையிடம் போய்ச் சொன்னார்கள். நாட்டாமை ஒரு கொக்கு. அவர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லைதான். ஆனால் நாட்டாமையிடம் அதை யார் கேட்பது?

கொக்கு யோசித்து ஒரு வழி சொன்னார். இரட்டைவால் குருவி நாட்டிலேயே பெரிய கெட்டிக்காரன் துடியன் நாளைக்கு நடித்துக் காட்டட்டும். பொழுது சாய்வதற்குள் ஒரே ஒரு எருமை சிரித்தாலும் போதும், எல்லா எருமைகளும் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அடுத்த குளத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அடுத்த குளம் மூன்று நாள் நடை. காத்தாயி கன்றைப் பார்த்தாள். அது அரை நாள்கூடத் தாங்காது.

மறுநாள் துடியன் கரையில் வந்து நின்றான். ஒற்றைக்காலில் நின்று, கழுத்தை நீட்டி, அப்படியே கொக்காக மாறிவிட்டான். ஒரு தவளை காணாமல் போன வழக்கு. கொக்கு விசாரிக்கிறது. ஆனால் அந்தத் தவளையே கொக்கின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு சாட்சி சொல்கிறது. கொக்கு ஒன்று சொன்னால் உள்ளேயிருந்து தவளை, "பொய், நாட்டாமை" என்கிறது. இரண்டு குரலும் துடியன் ஒருத்தன் வாயிலிருந்தே வந்தன. ஆடுகள் புரண்டன. கழுதைகள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்து காய் உதிர்ந்தது.

காத்தாயிக்குச் சிரிப்பு வரவில்லை. கன்றுக்காகவாவது சிரித்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்து பார்த்தாள். வந்தது பெரிய கனைப்பு. பயந்து ஓடிய குட்டிகளை அம்மாக்கள் பிடித்துக்கொண்டு வரவே நேரம் சரியாக இருந்தது. மற்ற எருமைகள் அசைபோட்டபடி நின்றன. பொழுது சாய்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றுப்போன துடியன் ஒரு நாணலில் போய் உட்கார்ந்துவிட்டான்.

விடிந்ததும் எருமைகள் கிளம்புவதற்காகக் கரையில் கூடின. கொக்கு ஒரு கல்லில் ஏறி, ஒற்றைக்காலில் நின்று, கழுத்தை நீட்டித் தொண்டையைச் செருமினார். காத்தாயி கன்றை ஒட்டி நின்று, முந்தின நாள் தின்ற புல்லை மெதுவாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குளத்து நியாயப்படி..." என்று ஆரம்பித்தார் கொக்கு.

அப்போதுதான் அது வந்தது. முதலில் காத்தாயியின் வயிறு குலுங்கியது. பிறகு முதுகு, பிறகு கழுத்து. கண்ணில் தண்ணீர் கொட்ட அவள் சிரித்த சிரிப்பில் கரை அதிர்ந்து, நாணலிலிருந்த துடியன் தவறிச் சேற்றில் விழுந்தான்.

தீர்ப்புச் சொல்லும்போது என்ன சிரிப்பு என்று கொக்கு சீறினார்.

"மன்னிச்சுக்குங்க நாட்டாமை" என்றாள் காத்தாயி மூச்சு வாங்கிக்கொண்டே. "நேத்துத் தம்பி நடிச்சது இப்பத்தான் மேலே வந்தது. எங்களுக்குப் புல்லும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். முதல்ல உள்ளே போயிடும். சாவகாசமா மென்னு பார்த்தாத்தான் ருசி தெரியும்."

நேற்றைய கெடு நேற்றோடு முடிந்தது, இன்று சிரித்தால் செல்லாது என்றார் கொக்கு. சேற்றைத் துடைத்துக்கொண்டு துடியன் முன்னால் வந்தான். நேற்று நான் என்ன நடித்தேன் என்று எல்லாரையும் கேட்டான். ஏதோ தவளை என்றது ஒரு ஆடு. பிரமாதமாக இருந்தது என்றன கழுதைகள். அதை முதலில் சொன்னதே நான்தான் என்றான் ஒரு குரங்கு நாட்டுக்காரன்.

துடியன் காத்தாயி பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"சாட்சி சொல்லி முடிச்சதும் தவளை, 'நான் தூங்கணும், கதவைச் சாத்துங்க'ன்னுச்சே. கொக்கு மெல்ல வாயை மூடிச்சு. வாயை மூடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடினே பாரு தம்பி, அங்கேதான்."

அந்த ஒற்றைக் கண்ணுக்காகத் துடியன் ஒரு ராத்திரி முழுக்கப் பழகியிருந்தான். நேற்றுச் சிரித்த அத்தனை பேரில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. அவன் பெண்டாட்டிகூடக் கவனிக்கவில்லை. விர்ரென்று பறந்து வந்து காத்தாயியின் முதுகில் உட்கார்ந்தான்.

"இவங்க போனா நானும் போறேன் நாட்டாமை."

கூட்டம் கலங்கிப் போயிற்று. இந்த வெயிலில், துடியனும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது? எருமைகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முதலில் கத்தியவர்கள், அவர்களை விரட்டச் சொன்ன ஆடுகளேதான். சிரித்தது சிரித்ததுதான், என்றைக்குச் சிரித்தால் என்ன என்று கொக்கு தீர்ப்பை மாற்றிச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளையம்மா தொபீரென்று தண்ணீரில் குதித்துவிட்டாள். காத்தாயியும் பின்னாலேயே இறங்கிக் கன்றின் வெடித்த தோலுக்குச் சேறு பூசினாள். மற்ற எருமைகளுக்கும் ஒவ்வொன்றாகச் சிரிப்பு வந்தது. மத்தியானம் வரைக்கும் குளமெல்லாம் ஒரே குமிழி.

எருமை நாட்டாருக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மறுநாள் வரை இருந்து பார்த்ததில்லை. துடியனுக்குத் தெரியும். சிரிப்பு எந்த நேரத்தில் வருமோ என்று அவன் அங்கேயே காத்திருந்தான். அன்று முதல்தான் இரட்டைவால் குருவி எருமையின் முதுகை விட்டு இறங்குவதில்லை. திடீரென்று அது எழும்பிப் பறந்து, திரும்பி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் பூச்சி பிடித்தது என்பார்கள். பூச்சியாவது ஒன்றாவது, சிரிப்பில் முதுகு குலுங்கியிருக்கும். உட்கார்ந்ததும் அது அடுத்த கதைக்கு வாயைத் திறக்கும். மூக்கு வரைக்கும் தண்ணீரில் கிடக்கிற எருமை லேசாகத் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளும்:

"தம்பி, இன்னைக்குப் புதுசா எதுவும் சொல்லிடாதே. நேத்துச் சொன்னதுல பாதி இன்னும் வயித்துலேயே இருக்கு."