உறங்காத பெட்டி

“அம்மா, பெட்டி செத்துடும் போலிருக்கு.”

நனைந்த தலையோடு வந்து நின்றார் தில்லைநாயகம். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு உமையாள் அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கு ஏது மூப்பு என்று அவராகவே தேடி வந்த மடம் அது. பதற்றத்தை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வர மறந்துவிட்டார்.

பெட்டி என்றது, ஆற்றின் மேல்துறையில் கம்பத்தில் அவர் கட்டியிருந்த குட்டிக் கம்ப்யூட்டரை. வெயிலை வாங்கிப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கும். ஏறினால் கீழே தாழங்குடியில் சங்கு ஊதும். ஜனங்கள் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிடுவார்கள்.

தாழங்குடியில்தான் அவருடைய மகள் பூங்கோதை பச்சைக் குழந்தையோடு இருந்தாள். மாசமாக இருந்தபோது அப்பா பேச்சைக் கேட்டு இரண்டு தடவை மேடேறினாள். வெள்ளம் வரவில்லை; நனைந்ததுதான் மிச்சம். இனி சங்கு ஊதினால்தான் கிளம்புவேன் என்றுவிட்டாள்.

நாள்கணக்காக அடைமழை. சூரியன் எட்டிப் பார்க்கவில்லை.

“போன வருஷத்தைவிடப் பெரிய பேட்டரிம்மா. சோலார் தகடும் ரெண்டு. அப்படியும் இறங்கிக்கிட்டே போகுது.”

“இறங்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேட்பேன். சொல்லும்.” போனைக் காட்டினார். “எப்பக் கேட்டாலும் பதில் சொல்ற மாதிரி, முழிச்சே இருக்க வச்சிருக்கேன்.”

அப்போதே ஒரு தடவை கேட்டார். பதினாலு சதவீதம் என்றது.

“போன வருஷம் எப்படி வச்சிருந்தீங்க?”

“அதுபாட்டுக்குத் தூங்கும். நேரத்துக்கு எழுந்து தண்ணியப் பார்க்கும், மறுபடி தூங்கும். அதை நம்பி எப்படிம்மா இருக்கிறது? இப்ப குழந்தை இருக்கே.”

அம்மை முறத்தில் அரிசியைக் கொட்டினார்.

“பேரன் எப்படி இருக்கான்?”

இதுவா கேட்கிற நேரம்? ஆனாலும் கேட்டது குரு. மகளுக்குப் போன் போட்டார்.

எடுத்ததுமே குழந்தை வீறிடுவது கேட்டது.

“ஏம்ப்பா! ராத்திரி பூரா அழுதவன் இப்பத்தான் கண்ணசந்தான். தூங்குறானா, தூங்குறானான்னு நீங்க கேட்டுக் கேட்டே அவன் தூக்கம் போச்சு. வைங்க போனை!”

தில்லைநாயகத்தின் முகம் சுண்டிப்போனது. அம்மை சிரிக்கவில்லை.

கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

“பெட்டியைத் தூங்கச் சொல்லிட்டா, அப்புறம் நான் கேட்டா பதில் வராதும்மா. செத்தாலும் தெரியாது.”

“தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

மேல்துறைக்குப் போகும் பாதை காலையிலேயே முழுகியிருந்தது.

உறங்கு என்று பெட்டிக்குக் கட்டளை அனுப்பினார்.

அம்மை ஒரு முறம் அரிசியை அவர் முன்னால் தள்ளினார்.

“கல் பொறுக்குங்க.”

பொறுக்கினார். கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்தார். கை மடியிலிருந்த போனைத் தேடிப் போனது. திரும்பியது. மறுபடி போனது.

“அம்மா, அது செத்திருந்தா?”

அம்மை ஒரு கல்லை எடுத்துப் போட்டார்.

பெட்டி செத்திருந்தால் சங்கு ஊதாது. தண்ணீர் ஏறாவிட்டாலும் ஊதாது. எந்த மௌனம் இது என்று அவருக்குத் தெரியவில்லை. மழை சோவென்று கொட்டியது.

பொழுது சாயும் முன்பு, கீழே சங்கு ஊதியது.

முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினார். மடத்து மதிலோரம் நின்றால் தாழங்குடி தெரியும். மேட்டுப் பாதையில் குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வெகு பின்னால், செந்தண்ணீர் வயலுக்குள் நுழைந்தது.

அந்தக் குடைகளில் எது பூங்கோதையுடையது?

கை அதற்குள் போனை எடுத்துவிட்டது. மகளின் பெயரும் திரையில் வந்துவிட்டது.

அம்மை வந்து பக்கத்தில் நின்றார்.

“அவ ஒரு கையில குடை, ஒரு கையில குழந்தை இருக்கும்மா” என்றார் தில்லைநாயகம். அழைக்காமலே போனை மடியில் செருகிக்கொண்டார்.