ஒத்தைக்குழிப் பணியாரக் கடை

ஒரு ஊர்ல ஒரு சீனித்தாயி இருந்தா. அவகிட்ட ஒரு பணியாரச் சட்டி இருந்துச்சு. பெரிய சட்டின்னு நினைச்சுக்காத. ஏழு குழியில ஆறு ஓட்டை, ஒண்ணுதான் உருப்படி. அதை வெச்சுக்கிட்டுச் சந்தை வாசல்ல கடை போட்டுட்டா! ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

"ஒத்தைக் குழிக்கு ஒரு கடையாடி?"

"கடை கடைதான் மதினி. வேணும்னா வாங்கு, இல்லேன்னா வழியை விடு."

நீ 'ம்' கொட்டிக்கிட்டே கேளு. ஆங்.

அப்புறம், மொத நாள் காலையில போணிக்குக் காத்துக்கிட்டு இருக்கா. போணின்னா மொத வியாபாரம். போணி பண்ண வர்றவங்களை விரட்டவே கூடாது. அவங்க மனசு குளிர்ந்து போனாத்தான் அன்னிக்குக் கடை ஓடும். அப்போ திம்... திம்... திம்னு யாரு வர்றா? மலையில இருந்து பூதம்!

"ஏ பொண்ணு, பணியாரம் போடு! வயிறு நிறையலேன்னா கடையையே முழுங்கிருவேன்!"

சீனித்தாயிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இருக்கிறது ஒரே கடை, அதுவும் போச்சுன்னா? ஆனா போணியாச்சே! "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னா. ஊத்தினா, சொய்ங்ங்! திருப்பினா, டுப்! கொடுத்தா. பூதம் லபக்! பல்லுல கூடப் படல.

"தூ, இதெல்லாம் ஒரு கடையா? நான் சுடுறேன் பாரு!"ன்னு போய், கோயில் குளம் அளவுக்கு ஒரு இரும்புச் சட்டியும் வண்டி வண்டியா மாவும் தூக்கிட்டு வந்துச்சு. தொபதொபன்னு ஊத்துச்சு. எண்ணெய் விட மறந்துருச்சு, மக்குப் பூதம்! அப்படியே ஒட்டிக்கிச்சு. அப்புறம் எண்ணெய் விட்டுச்சு. வெளியில கரி, உள்ள பச்சை மாவு, வழவழா கொழகொழா. மூணாந்தடவை ஒரு பனைமரத்தைப் பிடுங்கித் திருப்புச்சு பாரு, பணியாரம் எகிறி, தொப்! பூதத்து மண்டையிலயே கவுந்துருச்சு. மூக்குல மாவு, காதுல மாவு. ஓ...ன்னு அழுதுச்சு.

வேடிக்கை பார்க்க ஊரே ஓடி வந்துச்சு. சீனித்தாயிக்குப் பாவமாப் போச்சு. "குழி சின்னதா இருந்தாத்தாண்ணே உள்ள வேகும். இந்தாங்க, முழுங்காம மெல்லுங்க"ன்னா.

பூதம் மென்னுச்சு. "அய்யோ, கருப்பட்டி! அய்யோ, ஏலக்காய்! இன்னொண்ணு!"

அதைக் கேட்டு எல்லாருக்கும் எச்சி ஊறிப்போச்சு. எனக்கு, உனக்குன்னு ஒரே தள்ளுமுள்ளு. "வரிசையில நில்லுங்க!"ன்னு சீனித்தாயி ஒரு அதட்டு போட்டா. பூதமும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. திரும்பத் திரும்ப வரிசையில வந்து, மென்னு மென்னு தின்னதுல, பொழுது சாயுறதுக்குள்ள, ஏவ்வ்வ்! வயிறு நிறைஞ்சுருச்சு.

அப்போ பூதம் தன்னோட சட்டியில ஒரு துண்டைப் பிய்ச்சு, "ஆயிரம் குழி போட்டுத் தரவா?"ன்னுச்சு.

"ரெண்டு போதும்ணே. ரெண்டு ஓடட்டும், மூணைப் பார்ப்போம்."

கட்டைவிரலால டொங், டொங்! ரெண்டு குழி. அப்புறம் அது ஏழாகி, எழுபதாகி, கடை பெருசானதெல்லாம் வேற கதை. அன்னிக்குப் பூதம் என்ன பண்ணுச்சு தெரியுமா? இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, "முதலாளியம்மா, நாளைக்கும் நானே போணி பண்ணட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

அவளை யாருமே அப்படிக் கூப்பிட்டதில்ல. சீனித்தாயிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. "பண்ணுங்கண்ணே"ன்னா.

அடுப்பு அணைஞ்சாச்சு, பூதம் மலையேறியாச்சு. பணியாரம் காலையில கேளு, இப்போ கண்ணை மூடு.